நாற்பத்தாறு டிகிரி

முதல் நாள் மாலை
என் முன்கையில் ஒரு தகட்டை வைத்துக் கட்டினான் ரௌனோ.
தீப்பெட்டி அளவுதான். மெல்லச் சூடேறியது.
பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லுங்கள், என்றான்.
மூன்று, என்றேன்.
வீறாப்பு இல்லை.
துர்க்கு நகரத்துக் கப்பல் பட்டறையில்
பதினாறு வருடமாக இரும்போடு இரும்பைப் பற்றவைக்கிறேன்.
கையுறைக்குள் பொறி விழுந்தால்
வேலையை முடித்துவிட்டுத்தான் உதறுவேன்.

அப்புறம் அவர்கள் என்னைத் தூங்கவிடவில்லை.
அதற்குத்தான் பணம்.

ஜூன் மாதத்து இரவு இங்கே
வருகிறேன் என்று சொல்லிவிட்டு
வாசலோடு திரும்பிவிடும் விருந்தாளி.
ஜன்னலில் சாம்பல் நிறத்தில் கொஞ்ச நேரம்,
பிறகு மறுபடி வெளிச்சம்.
ரௌனோவும் நானும் சீட்டாடினோம்.
என் தலை சரியும்போதெல்லாம்
கரண்டியால் மேசையைத் தட்டினான்.
முதலில் சிரித்தேன்.

நான்கு மணிக்கு
காலுறையின் தையல் கட்டைவிரலைக் கடித்தது.
கழற்றிப் பார்த்தேன்.
நூல்தான்.

ஆறுக்குக் குளிர், இரண்டு போர்வைக்கும் அடங்காமல்.
ஏழுக்கு, சாப்பிட்ட பிறகும் பசி.
ஐந்தாவது துண்டு ரொட்டியை அறுக்கையில்
கத்தி தட்டில் உரசிய சத்தம்
கடைவாய்ப் பல்லுக்குள் இறங்கி
அங்கேயே தங்கிவிட்டது.
யாரோ தூரத்தில் கதவைச் சாத்தினார்கள்.
என் தோளில் சாத்தியது போல இருந்தது.

மாலை மீண்டும் அதே தகடு, அதே கை.
எத்தனை?
ஏழு. எடு, எடு!
சூட்டைக் கூட்டிவிட்டாய், என்று கத்தினேன்.
திரையை என் பக்கம் திருப்பினான்.
நாற்பத்தாறு.
நேற்றும் நாற்பத்தாறு.

நம்பவில்லை. இன்னொரு முறை வைக்கச் சொன்னேன்.
ஏழு.
ஒரு எண்ணைப் பார்த்து
அப்படி அழுவேன் என்று நினைத்ததில்லை.

டாக்டர் சில்யா படம் காட்டி விளக்கினார்.
தூக்கம் கெட்ட தலைக்குள்
வலியைப் படிக்கிற இடம் ஊர்த் திருவிழா மாதிரி எரிகிறதாம்.
வலியை ஆற்றுகிற இடத்தில்
மின்வெட்டாம்.
தலையாட்டினேன்.
காதில் பாதிதான் விழுந்தது.
மீதிப் பாதியில் என்சியோ நின்றுகொண்டிருந்தான்.

என்சியோ என் கணவன்.
பதினோரு வருடமாகத் துறைமுகத்தில் இரவு வேலை,
படகுக்குள் லாரிகளை அடுக்குவது.
முதுகில் கண்ணாடித் துண்டு நகர்கிறது என்பான்.
சட்டைக் காலர் உறுத்துகிறது என்பான்.
குளிர்காலத்தில் ஒரு நாள் மருத்துவமனையில்
நர்ஸ் அவனிடம் எண் கேட்டாள்.
ஏழு, என்றான். கொஞ்சம் யோசித்து, எட்டு.
பக்கத்தில் நின்ற நான் சொன்னேன்:
மூன்று என்று போட்டுக்கொள்ளுங்கள்,
இவருக்கு எதுவுமே பெரிசுதான்.
நர்ஸ் சிரித்தாள்.
அவனும் சிரித்தான்.
இப்போது அந்தச் சிரிப்புதான்
தகடு இருந்த இடத்தில் எரிகிறது.

பேருந்தின் ஒவ்வொரு பிரேக்கும் முழங்காலில் விழ
வீடு வந்தேன்.
அவனுக்கு அன்று விடுமுறை.
உடம்புக்கு விடுமுறை தெரியாதே,
கிடைத்த நேரத்தில் தூங்குகிறான்.
ஜன்னலில் அலுமினியத் தாள், ஓரத்தில் ஒரு கிழிசல்.
அதன் வழியே வந்த வெயில்
அவன் காதுமடலில் நாணயம் போல.
நடுவில் போய் நின்று அதை மறைத்தேன்.
எவ்வளவு நேரம் நிற்க முடியும்?
சட்டையைக் கழற்றி அந்த இடத்தில் செருகினேன்.

கட்டில் முனகும். ஏறவில்லை.
தரையில் படுத்தேன்.
பலகைகள் ஒவ்வொன்றாக
விலா எலும்புகளை எண்ணின.

புரண்டபோது அவன் மெல்ல அனத்தினான்.
எத்தனை, என்று கேட்க வாய் வந்தது.
விழிக்கட்டும். எந்த எண் சொன்னாலும்
அந்த எண்ணையே எழுதிக்கொள்வேன்.

சமையலறையில் குளிர்பெட்டி உறுமத் தொடங்கியது.
இத்தனை நாள் அது உறுமியது எனக்குத் தெரியாது.
தவழ்ந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன்.
பால் திரிந்தால் திரியட்டும்.